குதிரைத்திறனுக்கு முன் பிரேக் ஆயில்

சாலைக்காகச் செய்த ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்ட விரும்பும் வாசகர்களின் கேள்விகளுக்குத் தடப் பயிற்சியாளர் பதில் தருகிறார்.

கேள்வி: என்னிடம் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. 200 ஹெச்பி, எடை 1,300 கிலோ. வேலைக்கும் இதில்தான் போகிறேன். மாதம் ஒருமுறை தடத்தில் ஓட்ட ஆசை. ஈசியூ ரீமேப் (என்ஜின் கணினியின் நிரலை மாற்றுவது), எக்ஸாஸ்ட், இன்டேக் மூன்றையும் ஒரே மூச்சில் செய்துவிடச் சொல்கிறார்கள் நண்பர்கள். எதில் தொடங்கட்டும்?

மூன்றிலும் வேண்டாம். முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்.

காரணம் இதுதான். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் வரும் உங்கள் காரை ஒரு வளைவுக்காக 80-க்கு இறக்குகிறீர்கள் என்று வையுங்கள். அந்த மூன்று நான்கு நொடியில், காரின் ஓட்டத்தில் இருந்த ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக மாறி டிஸ்க்குகளுக்குள் இறங்குகிறது. கணக்குப் போட்டால், ஏறக்குறைய 5 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. இது ஒரு வளைவுக்கு மட்டும். டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். சாலையில் இப்படி ஒரு பிரேக் பிடிக்கவேண்டிய நிலை எப்போதாவதுதான் வரும். தடத்தில் அதுதான் லேப், அதாவது ஒரு சுற்று, முழுக்க நடக்கிற வேலை.

அந்தச் சூடு, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் வழியாக, பேடைத் தள்ளும் கேலிப்பருக்குள் போய் ஆயிலைத் தொடுகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி கேட்பது 155 டிகிரிதான். கொதித்துவிட்டால் உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்கள் மிதிக்கிற மிதி கேலிப்பருக்குப் போய்ச் சேராமல் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும்.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிற எனக்கு இது ஓட்டுபவரின் முழங்காலில்தான் முதலில் தெரியும். ஒரு மாணவர், நிதானமானவர், நல்ல கைப்பழக்கம். நேர்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தார். முழங்கால் வழக்கத்தைவிட நாலு விரற்கடை கீழே போயிற்று. பெடல் தொளதொளவென்று இறங்கிவிட்டது. "விட்டுட்டு மிதிங்க, மறுபடி மிதிங்க!" என்று கத்தினேன். மூன்றாவது மிதியில் பிடித்தது. தடத்தோரத்தில் கார்களை நிறுத்திப் பார்க்கும் பிட்டுக்கு வந்து பார்த்தோம். பேட் புதிது, டிஸ்க் புதிது, இரண்டும் உயர்ந்த ரகம். ஆயிலை மட்டும் கார் வாங்கியதிலிருந்து யாரும் தொடவில்லை, கறுத்துப்போயிருந்தது. மிதிக்க மிதிக்கக் குமிழ் நசுங்கி, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கூடுதல் ஆயில் இறங்கியதால்தான் அன்று வண்டி நின்றது. இதை உங்கள் கால் நினைவில் வைத்திருக்கட்டும்: பெடல் இறங்கினால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்காமல், விட்டு விட்டு வேகமாக மிதிக்கவேண்டும்.

ஆகவே, கொதிநிலை 300 டிகிரியைத் தாண்டுகிற பந்தய ரக ஆயில் வாங்கி, நான்கு சக்கரத்தின் பிரேக்கிலும் குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்றி நிரப்புங்கள். பழைய ஆயில் ஒரு சொட்டு இல்லாமல் வெளியேறட்டும். டாட் 5 என்று ஒன்று கடையில் இருக்கும். அது சிலிக்கான், மற்ற ஆயிலோடு சேராது, அதைத் தொடாதீர்கள். டாட் 5.1 வேறு ரகம், அது டாட் 4-இன் குடும்பம்தான்.

அடுத்தது பேட். சாலைப் பேட் குளிர்ந்திருக்கும்போதே பிடிப்பதற்காகச் செய்தது. அளவு மீறிச் சூடானால் பெடல் கல்லுப்போல் இருக்கும், ஆனால் கார் நிற்காது. பெடல் இறங்கினால் ஆயில், பெடல் உறுதியாக இருந்தும் வேகம் குறையாவிட்டால் பேட் என்று பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் கம்பெனி கொடுத்ததே போதும். துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, ஆனால் தடத்தின் சூட்டில் துளையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். முன்னால் மட்டும் பெரிய கேலிப்பர் மாட்டவும் அவசரப்படாதீர்கள். முன்-பின் பிரேக் பங்கீடு கெட்டு, பின் சக்கரம் வேலையே செய்யாமல் போகலாம்.

ஹெச்பி கூட்டினால் நேர்பாதை முடிவில் வேகம் கூடும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு, அவ்வளவும் பிரேக்கின் தலையில்தான் விழும். உங்கள் பிரேக் இப்போதிருக்கும் 200 ஹெச்பியை இருபது நிமிடம் சளைக்காமல் தாங்கட்டும். ரீமேப் பற்றி அப்புறம் எழுதுங்கள், மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஒரே நாளில் முன் டயர்களின் வெளி ஓரம் மொட்டையாகிவிட்டது. உள் பக்கம் புதிதுபோல் இருக்கிறது. டயர் மட்டமா?

டயர் மேல் பழி போடாதீர்கள். வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே சாய்கிறது. அகலமான டயர் தன் வெளி ஓரத்தில் மட்டும் நின்று காரைத் தாங்குகிறது. இதைச் சரிக்கட்டத்தான் நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கத்தை உள்நோக்கிச் சாய்த்து வைப்பது. சாலைக் கார்களில் இது ஒரு டிகிரிக்கு முன்பின்தான் இருக்கும். சாலை டயரோடு தடத்தில் ஓட்டுகிறவர்கள் முன்பக்கம் இரண்டரை முதல் மூன்று டிகிரிவரை வைப்பது சாதாரணம். தினமும் வேலைக்கும் இதே காரென்றால் இரண்டில் நிறுத்துங்கள், டோவை, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணத்தை, சுழிக்குப் பக்கத்தில் வையுங்கள். உள் ஓரத்தைத் தின்பது கேம்பரைவிட டோதான்.

காற்றழுத்தத்தையும் பாருங்கள். சூடு 5, 6 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ ஏறும். காலையில் குளிர்ந்த டயரில் சாலைக்கான அளவை அடித்துக்கொண்டு தடத்துக்குள் போனால், நாலாவது லேப்பில் 6 முதல் 10 பிஎஸ்ஐ வரை கூடியிருக்கும், பிடிமானம் குறைந்து கார் மிதக்கும். வெளியே வந்தவுடன், சூடு ஆறுவதற்குள் அளந்து இறக்குங்கள். அன்றைக்கு உங்களுக்கு வேண்டியது சூடான அழுத்தத்தின் கணக்குத்தான். டயரின் தோள்பட்டையில் சாக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் போங்கள். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் புரண்டிருக்கிறது. தோளுக்குக் கீழே பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் அழுத்தம் போதவில்லை. செலவில்லாத சோதனை, இன்றைக்கும் நான் செய்கிறேன். திரும்பும் வழியில் குளிர்ந்த டயரில் மறுபடி காற்று அடிக்க மறக்காதீர்கள்.

கேள்வி: காரை இரண்டு அங்குலம் தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டேன். பார்க்க அருமை. வளைவில் முன்பைவிட மோசமாக இருக்கிறது. ஏன்?

இரண்டு அங்குலம் அதிகம். ஷாக் அப்சார்பருக்கு அசைய இடமே இல்லை. நடுவளைவில் அது, அசைவின் எல்லையில் இருக்கும் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டுகிறது; முட்டிய நொடியில் அந்தச் சக்கரத்தின் பிடிமானம் போகிறது. மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருப்பது) உள்ள காராக இருந்தால் இன்னொரு கெடுதலும் உண்டு. தாழ்த்தும்போது காரின் எடைமையம் இறங்குவதைவிட வேகமாக ரோல் சென்டர், அதாவது கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, இறங்கிவிடும், அதனால் கார் சாயும் போக்கு கூடும். பழைய ஸ்பிரிங்கை எடுத்து வைத்திருந்தால் திரும்ப மாட்டுங்கள். அதோடு நல்ல ஷாக் அப்சார்பர் போட்டால் போதும். பிற்பாடு உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பான கோயில்ஓவர் வாங்கினாலும் அரை அங்குலம், முக்கால் அங்குலத்துக்கு மேல் இறக்காதீர்கள்.

கேள்வி: என் மகன் காரில் ரோல் கேஜும் நான்கு முனை பெல்ட்டும் மாட்டப்போகிறான். பாதுகாப்புக்குத்தானே என்கிறான். அதே காரில்தான் பேத்தியும் போகிறாள். மாட்டலாமா?

வேண்டாம் அம்மா. கேட்டு எழுதியதற்கு நன்றி. இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்பதில்லை.

ரோல் கேஜ் என்பது தலைக்குப் பக்கத்தில் ஓடுகிற இரும்புக் குழாய். தடத்தில் ஹெல்மெட் இருக்கிறது, உடம்பை இருக்கையோடு இறுக்கிக் கட்டியிருக்கிறது. அங்கே அது உயிர் காக்கும். சாலையில் ஹெல்மெட் போடாத தலை, சின்ன மோதலில்கூட அந்தக் குழாயில் இடிக்கும். குழாய்க்குச் சுற்றும் உறை இதற்குப் போதாது. குழந்தை உட்காரும் காரில் முழு கேஜுக்கு இடமே கிடையாது.

நான்கு முனை பெல்ட்டிலும் ஆபத்து இருக்கிறது. தோள் பட்டைகள் இடுப்புப் பட்டையை மேலே இழுத்துவிடும். மோதும்போது உடம்பு அதற்கடியில் வழுக்கி, பட்டை வயிற்றில் ஏறும். தொடைகளுக்கு நடுவே வரும் பட்டை உள்ள ஆறு முனை ஹார்னஸ்தான் இதைத் தடுக்கும். அதற்கும் பந்தய இருக்கை வேண்டும், பட்டையைக் கட்டச் சரியான உயரத்தில் உறுதியான கம்பி வேண்டும், கழுத்தைக் காக்கும் ஹேன்ஸ் கருவி வேண்டும். உடம்பைக் கட்டிப்போட்டுவிட்டுத் தலையை மட்டும் விட்டால், முன்னால் எகிறுகிற தலையின் விசை முழுவதையும் கழுத்து தாங்கவேண்டும். கூரை நசுங்கினால் சாதாரண பெல்ட் போட்டவர் பக்கவாட்டில் சரிய முடியும், ஹார்னஸில் நிமிர்ந்து கட்டப்பட்டவரால் முடியாது. இவையெல்லாம் ஒரு தொகுப்பு. ஒன்றை எடுத்து ஒன்றை விட்டால், ஒன்றும் செய்யாததைவிட மோசம்.

உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: கம்பெனி கொடுத்த மூன்று முனை பெல்ட், ஏர் பேக், இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்படி பரிசோதித்துச் செய்தவை. முதல் வருடம் அவையே போதும். உடம்பு ஆடாமலிருக்க நல்ல பிடிப்புள்ள இருக்கை போட நினைத்தால், அதில் பக்கவாட்டு ஏர் பேக் போய்விடுமா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். கேஜ் வேண்டும் என்கிற அளவுக்கு ஆர்வம் வளர்ந்தால், அதற்கென்று தனியாக ஒரு பழைய கார் வாங்கட்டும். அன்றைக்கு நானே பக்கத்தில் நின்று உதவுவேன்.

கேள்வி: பைக் ஹெல்மெட் போதுமா?

போதாது. கார் பந்தயத்துக்காக ஸ்னெல் என்ற அமைப்பு வகுத்த எஸ்ஏ தரம் தீயைத் தாங்கும் சோதனையும், கேஜ் குழாயில் இடிக்கும் சோதனையும் கேட்கிறது. பைக்குக்கான எம் தரம் அவற்றைக் கேட்பதில்லை. உள்ளே எஸ்ஏ2020 என்பதுபோல் தரமும் அதன் ஆண்டும் ஒட்டியிருக்கும், உள்துணியைத் தூக்கிப் பாருங்கள்.

கேள்வி: நீளமான வலது வளைவில் மட்டும் என்ஜின் ஆயில் விளக்கு மினுக்குகிறது. வளைவு முடிந்ததும் அணைந்துவிடுகிறது. ஆயில் அளவு சரியாக இருக்கிறது. சென்சார் கோளாறா?

அடுத்த லேப் போகாதீர்கள். நல்ல டயரில் ஒரு கார் 1 ஜி அளவுக்கு, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசையோடு வளைந்தால், என்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். வலது வளைவென்றால் ஆயில் முழுவதும் இடது சுவரில் ஏறிவிடும். உறிஞ்சுகுழாய் வலப்பக்கம் இருந்தால் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும். அழுத்தம் மிகமிகக் குறைந்த பிறகே அந்த விளக்கு எரியும். அதற்கு முன்பே, கனெக்டிங் ராடு பேரிங்குகள் எண்ணெய்ப் படலம் இல்லாமல் உரசத் தொடங்கியிருக்கும்.

ஆயிலைக் குச்சியின் மேல் கோடு வரை நிரப்புங்கள், பாதி அளவில் ஓட்டாதீர்கள். கோட்டைத் தாண்டியும் ஊற்றாதீர்கள். கிராங்க் ஷாஃப்ட் அடித்து நுரையாக்கிவிடும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வைத்துக்கொடுப்பவர்கள் உண்டு, உங்களுக்குத் தேவை அதுதான். கூடவே அழுத்தமும் வெப்பமும் காட்டும் மீட்டர் மாட்டுங்கள். ஆயில் வெப்பம் 130 டிகிரியைத் தொட்டால் வேகத்தைக் குறைத்து ஒரு லேப் ஆற விடுங்கள். போர்ஷே 911 ஜிடி3 போன்ற கார்களில் டிரை சம்ப் வைத்து, ஆயிலைத் தனித் தொட்டியில் சேர்ப்பதற்குக் காரணமே இந்தச் சாய்வுதான்.

கேள்வி: தடத்துக்கென்று தனிக் கார் வாங்கினால் மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கவா, நிஸான் ஜிடி-ஆர் வாங்கவா?

கற்றுக்கொள்வதற்கு எம்எக்ஸ்-5. 1989-இல் வந்தபோது அதன் முதல் தலைமுறை 1,000 கிலோவைத் தொடவில்லை; ஆர்35 ஜிடி-ஆர் 1,700 கிலோவைத் தாண்டும். அதே வேகத்திலிருந்து நிறுத்த, ஜிடி-ஆரின் பிரேக்குக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு வேலை. டயரும் சீக்கிரம் கரையும். எடை குறைந்த காரில் நாள் முழுக்க ஓட்டலாம், செய்கிற தவறும் கைக்கு உடனே தெரியும். ஜிடி-ஆர் அபாரமான கார், மறுக்கவில்லை.

கேள்வி: ஓட்டி முடித்ததும் என்ன செய்யவேண்டும்? அப்படியே வீட்டுக்கு ஓட்டிப் போகலாமா?

கடைசி லேப்பில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் மெதுவாக வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கொதிக்கிற டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அங்கே படிந்துவிடும், பிறகு ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் ஸ்டீயரிங் உதறும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு அடைப்புக் கட்டை வையுங்கள்.

வீல் நட்டுகளை ஆறிய பிறகு டார்க் ரென்ச்சால் பாருங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது காரின் கையேட்டில் இருக்கும். சூட்டோடு முறுக்கினால் அளவு தப்பும். பேட் எவ்வளவு மிச்சம், பிரேக் ஹோஸில் கசிவு உண்டா, டயரில் கம்பி தெரிகிறதா, இந்த மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

தடத்துக்கான பேட் மாட்டியிருந்தால் சாலைப் பேடைத் திரும்ப மாட்டிவிட்டுக் கிளம்புங்கள். தடப் பேட்களில் பல ரகங்கள் குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது. முதல் சிக்னலில் முன்னால் நிற்பவருக்கு உங்கள் பேட் ரகம் தெரியாது. மாற்ற அரை மணி நேரம் ஆகும். அதற்குள் என்ஜினும் ஆறிவிடும்.