கத்திரி முடிந்தும் வெயில் தணியாதது ஏன்?

கேள்வி: அக்னி நட்சத்திரம் நிறைவு என்று நாட்காட்டியில் போட்ட பிறகும் வெயில் கொளுத்துகிறதே, பஞ்சாங்கக் கணக்கு பிழையா? (வாசகி, சென்னை)

பதில்: கணக்கில் பிழை இல்லை, அது வெயிலை அளக்கும் கணக்கு அன்று. சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்தில் நுழைவது தொடங்கி, கார்த்திகை முழுவதையும் கடந்து, ரோகிணியின் முதல் பாதத்தை விட்டு நீங்கும் வரையிலான, ஏறத்தாழ மே 4 முதல் 28 வரையிலான நாட்களையே கத்திரி என்கிறோம். கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி என்பதால் அக்னி நட்சத்திரம் என்ற பெயர் வந்தது. சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் கடைசி வாரத்திலேயே என்றாலும், தரை நாளுக்கு நாள் சூடேறுவதாலும், மே இறுதியில் மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்றைத் தாமதப்படுத்துவதாலும், வெப்பம் பிறகுதான் உச்சத்தைத் தொடுகிறது. நகரில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, அதாவது கத்திரி கழிந்த பிறகு. ஆகவே திருவண்ணாமலையில் அருணாசலேசுவரருக்கு மேலே கத்திரி நாட்களில் தொங்கி நீர் சொட்டும் தாரா பாத்திரத்தை இறக்கிவிட்டார்கள் என்பதற்காக, நாமும் குடையை மடித்து வைத்துவிடக் கூடாது.

கேள்வி: வைகாசி விசாகத்துக்கு விரதமிருந்து பால்குடம் எடுக்க என் தாயார் விரும்புகிறார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. வழியில் தரும் நீர்மோரும் பானகமும் போதாதா? (வாசகர், மதுரை)

பதில்: உப்புப் போட்ட நீர்மோர் நல்லதே. பானகத்தில் சுக்கும் ஏலமும் எலுமிச்சையும் இருந்தாலும், அதில் வெல்லமும் இருப்பதை அவர் மறந்துவிடக் கூடாது. இன்சுலினோ சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் முழுப் பட்டினி கிடந்து வெயிலில் நடப்பது ஆபத்தானது என்பதால், விரதத்தைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்; பாலும் பழமும் உண்டு இருக்கும் விரதத்தை முருகன் குறைத்து மதிக்க மாட்டான். பந்தலில் தரும் மோரில் மிதக்கும் பனிக்கட்டி, மீனைப் பதப்படுத்த வார்த்த பாளத்திலிருந்து உடைத்ததா என்று கேட்பதும் தவறில்லை. மோர் வார்ப்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நடந்து வருபவர் குழறிப் பேசினாலோ, தடுமாறினாலோ, உடல் 40 டிகிரிக்கு மேல் கொதித்தாலோ, அது வெறும் களைப்பன்று, வெப்பவாதம். உடனே 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடல் முழுவதையும் தண்ணீரால் நனைத்து விசிற வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பதால், கூட்டத்தில் எவரேனும் சொம்புடன் ஓடிவந்தாலும் தடுத்துவிடுங்கள்.

கேள்வி: கத்திரியில் திருமணம் செய்யலாமா? (வாசகர், கரூர்)

பதில்: செய்யலாம். கிணறு வெட்டுவது, மரம் வெட்டுவது, விதைப்பது ஆகியவற்றைத்தான் பெரியவர்கள் தவிர்க்கச் சொன்னார்கள். முகூர்த்தத்தை மட்டும் காலை 9 மணிக்குள் வைத்துக்கொண்டால், சமையற்கட்டில் நிற்பவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.