பேட்டில்ஸ்டார் கலாக்டிகா: தேசத்துரோக வழக்கில் பால்டர் விடுதலையானது எப்படி?

கேள்வி: ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில், மனிதர்களோடு போரிடும் இயந்திர இனமான சைலான்களிடம் மக்களைச் சரணடைய வைத்த ஜனாதிபதி கயஸ் பால்டரை நீதிமன்றம் ஏன் விடுவித்தது?

அவர் நல்லவர் என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை. மக்கள் குடியேறியிருந்த நியூ காப்ரிகா கிரகத்தில் சைலான் படை வந்து இறங்கியபோது எதிர்த்திருந்தால் எல்லோரும் செத்திருப்பார்கள். சரணடைவதைத் தவிர வேறு வழியே இல்லை. மக்களைக் கொல்லும் உத்தரவில் அவர் கையெழுத்துப் போட்டதும் தலையில் துப்பாக்கி வைத்து மிரட்டியதால்தான். அவருடைய உதவியாளராக இருந்த கேட்டாவோ, பால்டர் விரும்பியே போட்டதாகப் பொய்ச்சாட்சி சொன்னார். எனக்கு இன்னும் ஆறாத காட்சி அது.

சரி, வழக்கைத் திருப்பியது எது? லீ அடாமாவின் சாட்சியம். பால்டர் தரப்பு வக்கீல் ரோமோ லாம்ப்கினுக்கு உதவியாக வந்தவர், கடைசியில் தானே கூண்டில் ஏறிப் பட்டியல் போடுகிறார்: ராணுவ அதிகாரி கர்னல் டை தற்கொலைப் படையை ஏவினார், மன்னித்தோம். தன் அப்பா அட்மிரல் அடாமா அப்போதைய ஜனாதிபதி ரோஸ்லினுக்கு எதிராக ராணுவப் புரட்சி செய்தார், மன்னித்தோம். அப்புறம் தன்னையே சேர்த்துக்கொள்கிறார்: ஆயிரம் பேருக்கு மேல் இருந்த ஒலிம்பிக் கேரியர் கப்பலைச் சுட்டு வீழ்த்தினேன், அதையும் மன்னித்தீர்கள். எல்லோருக்கும் மன்னிப்பு, இவருக்கு மட்டும் சாவா? நம் வெட்கத்தையெல்லாம் ஒருவன் தலையில் கட்டி வெளியே தள்ளுவதா நீதி? அந்த அப்பாவே ஐந்து நீதிபதிகளில் ஒருவராக எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்!

தீர்ப்பு 3-க்கு 2. விடுவித்த மூவரில் அட்மிரல் அடாமாவும் ஒருவர். 2007 மார்ச்சில் ஒளிபரப்பான மூன்றாம் சீசன் இறுதிப் பகுதி இது.