டிக் கோளாறும் பல் ஸ்ப்ளிண்ட்டும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், ஒன்பது வயதாகும் என் மகன் ஓயாமல் கண்ணைச் சிமிட்டுகிறான், கழுத்தை வெட்டி இழுக்கிறான். பென்சிலைக் கடித்தபடி படிக்கும்போது மட்டும் அது அடங்குகிறது. இது டிக், அதாவது அடக்க முடியாமல் திரும்பத் திரும்ப வரும் திடீர் அசைவு அல்லது ஒலி என்றும், பல்லில் ஸ்ப்ளிண்ட் (பற்களின் மேல் மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் உறை) மாட்டினால் குணமாகும் என்றும் சொல்கிறார்களே?

பதில்: நீங்கள் கவனித்தது முக்கியமானது, அம்மா. தசைகள் தாமாக இறுகும் டிஸ்டோனியா என்ற நோயால் கழுத்து திருகிக்கொள்பவர்களில் சிலருக்கு, தாடையில் விரல் நுனியை வைத்தவுடன் கழுத்து நேராவதை நரம்பியல் மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அதுபோல, கடைவாய்ப் பற்களிலிருந்தும் தாடைத் தசைகளிலிருந்தும் முக்கிளை நரம்பு வழியாக மூளைக்குச் செல்லும் உணர்வு மாறும்போது டிக் தணியலாம் என்பதே இந்தச் சிகிச்சையின் அடிப்படை எண்ணம். ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், டூரெட் நோய் (அசைவு டிக்குகளும் குரல் டிக்குகளும் நீண்டகாலம் வரும் நிலை) உள்ள 22 பேர் கடைவாய்ப் பற்களின் மேல் பொருந்தும் ஸ்ப்ளிண்ட்டை அணிந்தபோது பலருக்கு அசைவுகளும் குரல் டிக்குகளும் குறைந்தன. ஆனால் 22 பேரை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. மேலும், மனம் ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது பொதுவாகவே டிக் குறையும் என்பதால், பையனின் டிக்கை அடக்கியது பென்சிலா படிப்பா என்று பிரித்தறிய வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு ஸ்ப்ளிண்ட் மாட்டிய பத்தாம் நாளே டிக் பாதி குறைந்துவிட்டது. இது போதாதா?

பதில்: மகிழ்ச்சிதான், ஆயினும் காத்திருங்கள். டிக் வாரக்கணக்கில் ஏறி இறங்கும் இயல்புடையது. பெற்றோர் மருத்துவரைத் தேடி வருவது பெரும்பாலும் அது உச்சத்தில் இருக்கும்போதுதான்; அதன்பின் எதைச் செய்தாலும் குறைவதுபோலத் தோன்றும். ஸ்ப்ளிண்ட் உள்ள நாளிலும் இல்லாத நாளிலும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் வீடியோ எடுத்து, எண்ணி எழுதி வையுங்கள்.

கேள்வி: முதலில் எதைச் செய்வது?

பதில்: லேசான டிக்குக்குப் பெரும்பாலும் விளக்கமும் பொறுமையுமே போதும், 10 முதல் 12 வயதில் உச்சத்தைத் தொட்டு, பதின்வயதின் முடிவில் பலருக்கு அது தணிகிறது. தொல்லை தந்தால் நடத்தைச் சிகிச்சையே முதலில்: டிக் வருமுன் எழும் உந்துதலை உணர்ந்து, அதற்கு எதிரான அசைவைப் பழகுவது. 2010இல் 126 குழந்தைகளிடம் பத்து வாரம் நடந்த ஆய்வில் இதன் பலன் தெளிவாகத் தெரிந்தது. மருந்து வேண்டுமா என்பதை நரம்பியல் மருத்துவர் சொல்வார்.

கேள்வி: மேல் பற்களும் கீழ்ப் பற்களும் சரியாகப் பொருந்திக் கடிக்கவில்லை, பல்லை ராவ வேண்டும் என்கிறார் எங்கள் பல் மருத்துவர்.

பதில்: டிக்குக்காக ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஸ்ப்ளிண்ட்டைக் கழற்றிவிடலாம், ராவிய எனாமல் மீண்டும் வளராது.

கேள்வி: பால் பற்கள் விழும் வயதில் அணியலாமா?

பதில்: அணிவதானால், பல் விழுந்து முளைக்கும்போதெல்லாம் புதிதாக அச்சு எடுக்க வேண்டும், பொருந்தாத ஸ்ப்ளிண்ட் ஈறைப் புண்ணாக்கும். தினமும் தேய்த்துக் கழுவுங்கள், விரிசல் கண்டால் உடனே நிறுத்துங்கள், ஏனெனில் உடைந்த துண்டு தொண்டையில் சிக்கக்கூடும்.