தாளில் எழுதிய 7-ஐ நிரல் 3 என்று படிப்பது பற்றி

வணக்கம். கையால் எழுதிய இலக்கங்களின் படங்கள் கொண்ட எம்னிஸ்ட் (MNIST) தரவில் பயிற்றுவித்த, இலக்கங்களைப் படிக்கும் உங்கள் நிரல் சோதனைப் படங்களில் 99 சதவீதம் சரியாகச் சொல்லிவிட்டு, நீங்கள் தாளில் எழுதிக் கைப்பேசியில் படமெடுத்த 7-ஐ மட்டும் திரும்பத் திரும்ப 3 என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நிரலின் நரம்பணு வலைப்பின்னலில் (neural network) அடுக்குகளைக் கூட்டுவதற்கு முன் படத்தைக் கவனியுங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எம்னிஸ்டின் 60,000 பயிற்சிப் படங்களிலும் கருப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன. உங்கள் தாளிலோ வெள்ளையில் நீல மை. நம் கண் கோட்டின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நிறத்தை விட்டுவிடுவதால் நமக்கு இரண்டும் ஒரே ஏழுதான். நிரலுக்குக் கிடைப்பவை, 28-க்கு 28 புள்ளிகள் கொண்ட படத்தில் ஒவ்வொரு புள்ளியின் ஒளிர்வையும் சொல்லும் 784 எண்கள் மட்டுமே. நிறம் தலைகீழானால் அவை அனைத்தும் மாறிவிடும். ஆகவே முதலில் நிறத்தைத் தலைகீழாக்குங்கள். தாளின் ஓரத்தில் விழும் மெல்லிய நிழலையும், ஒளிர்வு ஒரு வரம்புக்குக் கீழுள்ள புள்ளிகளைச் சுழியமாக்கி, நீக்கிவிடுங்கள்.

அடுத்தது அளவு, பலரும் தவறவிடுவது இதைத்தான். அத்தரவில் ஒவ்வோர் இலக்கத்தையும் விகிதம் மாறாமல் 20-க்கு 20 கட்டத்துக்குள் சுருக்கி, அதன் நிறை மையம் 28-க்கு 28 படத்தின் நடுவில் விழும்படி வைத்திருக்கிறார்கள். தாள் முழுவதையும் அப்படியே 28-க்குச் சுருக்கினால், உங்கள் ஏழு ஒரு மூலையில் மங்கிய கீறலாகத்தான் எஞ்சும். எனவே இலக்கத்தை மட்டும் வெட்டியெடுத்து, அதே முறையில் மையப்படுத்துங்கள்.

எம்னிஸ்டின் இலக்கங்களை எழுதியவர்கள் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஊழியர்களும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் என்பதால், உங்கள் கையெழுத்திலும் சில படங்களைப் பயிற்சியில் சேர்ப்பது நல்லது. திருத்திய படத்தை எம்னிஸ்ட் ஏழு ஒன்றின் அருகில் வைத்துப் பாருங்கள். அதன்பின்னும் 3 என்றே வந்தால், இரண்டு படங்களையும் இங்கே இடுங்கள்.