எல்க் வேட்டைக்கு நடுத்தரத் தோட்டா: எதை வாங்குவது?

கேள்வி: பத்து வருடமாக .243 வின்செஸ்டர் ரைஃபிளில், உரிமத்தோடு, சிறிய மான்களை வேட்டையாடி வருகிறேன். இந்தப் பருவத்தில் முதல்முறையாக எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான் வகை) வேட்டைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. என் .243 போதாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எது போதும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். கடைக்காரர் .300 வின்செஸ்டர் மேக்னத்தை (வெடிமருந்து அதிகம் கொள்ளும் பலமான தோட்டா வகை) எடுத்து நீட்டுகிறார். கூட வரும் நண்பர் 6.5 கிரீட்மோரே தாராளம் என்கிறார். நான் சுடுவதெல்லாம் 200 மீட்டருக்குள், மிஞ்சினால் 250. ஒரே ஒரு ரைஃபிள்தான் வாங்க முடியும். நடுவில் நின்று எதை எடுப்பது?

பதில்: .308 வின்செஸ்டர் அல்லது .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு. இரண்டில் எந்த ரைஃபிள் உங்கள் தோளில் நன்றாக உட்காருகிறதோ அதை எடுங்கள். மிச்சப் பணத்தில் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகுங்கள். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் .243. (தோட்டாப் பெயரின் முதல் எண் குண்டின் விட்டத்தை ஏறத்தாழச் சொல்வது: .243, .30 என்றால் அங்குலம்; 6.5, 7 என்றால் மில்லிமீட்டர்.) அது நல்ல தோட்டா, ஆனால் இந்த வேலைக்கு இல்லை. அதன் குண்டு 100 கிரெயின், அதாவது ஆறரை கிராம் அளவில்தான் இருக்கும். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். தோள் எலும்பும் அதற்கேற்ற கனம். சில நாடுகளில் சட்டமே இதைப் பேசுகிறது. ஜெர்மனியில் செம்மான் போன்ற பெரிய குளம்பு விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மில்லிமீட்டர் குண்டு வேண்டும். 100 மீட்டரில் 2,000 ஜூல் ஆற்றல் மிச்சம் இருக்க வேண்டும். ஸ்வீடனில் மூஸுக்கு (எல்க்கைவிடப் பெரிய மான் வகை) 9 கிராம் குண்டு என்றால் 100 மீட்டரில் 2,700 ஜூல், 10 கிராம் குண்டு என்றால் 2,000 ஜூல். .243 இரண்டு இடத்திலும் தேறாது. நீங்கள் வேட்டையாடும் இடத்தின் விதியையும் பணம் கட்டும் முன்பே எடுத்துப் படித்துவிடுங்கள்.

சரி, மேக்னம் ஏன் வேண்டாம்? கணக்கைப் பாருங்கள். 180 கிரெயின் குண்டை .30-06 வினாடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது; .300 மேக்னம் சுமார் 900 மீட்டரில். இரண்டையும் 200 கெஜத்தில் குறி சரிசெய்து வைத்துவிட்டு 300 கெஜத்தில், அதாவது சுமார் 275 மீட்டரில் சுட்டால், .30-06 குண்டு ஏறத்தாழ 8 அங்குலம் கீழே விழும். மேக்னம் குண்டு 7 அங்குலம். வித்தியாசம் ஒரு அங்குலத்தைச் சுற்றித்தான். எல்க்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஓர் அடிக்குக் குறையாது. அதுவும் நீங்கள் போகும் கடைசி எல்லையைத் தாண்டிய தூரத்துக் கணக்கு இது. 200 மீட்டருக்குள் அந்த வேறுபாட்டை நீங்கள் உணரக்கூட முடியாது.

உணரப்போவது தோளில்தான். ஒரே எடையுள்ள ரைஃபிள்களில் வைத்துப் பார்த்தால், உங்கள் .243 தரும் உதையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு .300 மேக்னம் தரும். .30-06 இரண்டு மடங்குக்குச் சற்று மேல்; .308 அதற்குக் கொஞ்சம் கீழே. பத்து வருடம் மெல்லிய உதைக்குப் பழகிய தோள், ஒரே பருவத்தில் மூன்று மடங்கைத் தாங்கி நிதானமாகச் சுடும் என்று நான் நம்பவில்லை. கடையில் தூக்கிப் பார்க்கும்போது எந்த ரைஃபிளும் உதைக்காது, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எனக்கே நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் நானும் மேக்னம் வைத்திருந்தேன். முதல் நாள் நன்றாகத்தான் சுட்டேன். போகப் போகக் குண்டுகள் கீழே இடது பக்கமாக ஒதுங்க ஆரம்பித்தன. ஸ்கோப்பைக் குறை சொன்னேன், தோட்டாவை மாற்றினேன். கடைசியில் பயிற்சிக் களத்தில் ஒரு நண்பர், எனக்குத் தெரியாமல், தோட்டாக்களுக்கு நடுவே ஒரு வெற்றுத் தோட்டாவைச் செருகிக் கொடுத்தார். விசையை இழுத்தேன், வெடிக்கவில்லை, ஆனால் ரைஃபிளின் முனை ஒரு சாண் கீழே குத்தியது. உதையை எதிர்பார்த்து உடம்பு முன்கூட்டியே சுருங்குகிறது. இதே ஆள் காட்டில் ஒரு விலங்கைச் சுட்டால் வயிற்றில் படும், அது கிலோமீட்டர் கணக்கில் ஓடி எங்கோ விழுந்து சாகும். அதை நினைத்துத்தான் அந்த ரைஃபிளை விற்றேன்.

அடுத்து, நண்பர் சொல்லும் 6.5. அவர் சொல்வதைத் தள்ளிவிட மாட்டேன். 6.5×55 ஸ்வீடிஷ் 1890களிலிருந்து இருக்கிறது, கனமான குண்டோடு ஸ்காண்டிநேவியாவில் எத்தனையோ மூஸைச் சாய்த்திருக்கிறது. 2007-இல் வந்த 6.5 கிரீட்மோரும் அதற்கு நெருங்கிய பலம்தான். 143 கிரெயின் அளவில் நல்ல குண்டு, விலங்கு பக்கவாட்டில் அசையாமல் நிற்கிறது, நீங்களும் பொறுமைசாலி என்றால் அது போதும். ஆனால் எல்க் எப்போதும் அப்படி நிற்பதில்லை. கொஞ்சம் திரும்பி நிற்கும்போது தோள் எலும்பை உடைத்து உள்ளே போக வேண்டியிருக்கும். அங்கே 165, 180 கிரெயின் குண்டு கூடுதல் இடம் தருகிறது.

சிறிய தோட்டாவுக்கு ஆதரவாக ஒரு பெயரை அடிக்கடி இழுப்பார்கள்: ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேல் யானைகளைச் சுட்ட டபிள்யூ.டி.எம். பெல். அவற்றில் பெரும்பாலானவை 7×57 மௌசரில்தான். உண்மைதான். ஆனால் அவர் யானை மண்டையோட்டை அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர். விரியாத கெட்டிக் குண்டைப் பயன்படுத்தியவர். அந்தப் பயிற்சியை விட்டுவிட்டுத் தோட்டாவை மட்டும் எடுத்துக்கொள்வது சரியில்லை.

இனி .308-ஆ, .30-06-ஆ? ஒரே விட்டமுள்ள குண்டு. 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்தது .30-06, அதன் கூடு (வெடிமருந்தை அடைக்கும் உலோக உறை) 63 மில்லிமீட்டர் நீளம். 1952-இல் வந்த .308-இன் கூடு 51 மில்லிமீட்டர். கூடு குட்டை என்பதால் ரைஃபிளின் ஆக்‌ஷனும் (தோட்டாவை உள்ளே ஏற்றி வெளியே தள்ளும் பகுதி) குட்டை, போல்ட்டை இழுத்துத் தள்ளும் தூரமும் குறைவு, எடையும் கொஞ்சம் குறையும். மலை ஏறி நடப்பவருக்கு .308. 180 கிரெயினுக்கு மேல் கனமான குண்டுகளையும் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் .30-06. இரண்டுக்கும் தோட்டா கிடைப்பதில் கஷ்டம் இருக்காது. ஒரே ரைஃபிள் வைத்திருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். உதை இன்னும் குறைய வேண்டுமானால் 7எம்எம்-08 ரெமிங்டன்: .308 கூட்டின் கழுத்தைச் சுருக்கி 1980-இல் விற்பனைக்கு வந்தது, 140 கிரெயின் குண்டோடு அருமையாக வேலை செய்யும். அதன் தோட்டா உங்கள் பக்கத்துக் கடையில் எப்போதும் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தோட்டாவின் பெயரைவிட அதன் முனையில் இருக்கும் குண்டு முக்கியம். 1946-இல் ஜான் நோஸ்லர் என்பவர் மேக்னம் ரைஃபிளோடு மூஸ் வேட்டைக்குப் போனார். சேறு காய்ந்த தோலில் பட்டுக் குண்டுகள் சிதறின, உள்ளே ஆழமாகப் போகவில்லை. அந்த அனுபவத்தில் அவர் உருவாக்கியதுதான் நடுவே செம்புத் தடுப்பு உள்ள பார்ட்டிஷன் குண்டு: முன்பாதி விரியும், பின்பாதி கட்டாக உள்ளே போகும். பலம் அன்றைக்குக் குறைவாக இல்லை, குண்டுதான் கைவிட்டது. ஆகவே பெட்டி வாங்கும்போது, மேலுறையோடு ஈயம் ஒட்டவைத்த குண்டா, பார்ட்டிஷன் வகையா, முழுச் செம்பா என்று பாருங்கள். சிறிய மானுக்கான, சீக்கிரம் சிதறும் குண்டை எல்க்குக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: முழுச் செம்புக் குண்டு நல்லதா? எடை குறைவாக இருக்கிறதே?

பதில்: நல்லது. ஈயத் துணுக்குகள் இறைச்சியில் கலக்காது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டுக்கே இடமில்லை. செம்பு ஈயத்தைவிட லேசானது, அதே எடைக்குக் குண்டு நீண்டுவிடும். அதனால் ஒரு படி இறங்கி .308-இல் 150 அல்லது 165 கிரெயின் எடுங்கள். எடை சிந்தாமல் உள்ளே போவதால் அந்தக் குறைவு பாதிக்காது. செம்பு விரிய வேகம் வேண்டும். எந்த வேகம் வரை விரியும் என்று தயாரிப்பாளர் தரும் எண்ணைப் பார்த்துத் தூர எல்லையை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேக்னம் வாங்கிக் குழல் முனையில் பிரேக் (வெடி வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துளைகள் உள்ள துண்டு) மாட்டினால் உதை குறையும் என்கிறார்களே?

பதில்: குறையும். ஆனால் சத்தம் பின்பக்கம் திரும்பி உங்கள் காதிலும் பக்கத்தில் நிற்பவர் காதிலும் அறையும். ரைஃபிள் சத்தம் பிரேக் இல்லாமலேயே 140 டெசிபலைத் தாண்டுகிறது. செவியைக் கெடுக்க ஒரே வெடி போதும். காட்டில் காதடைப்பு மறந்துபோகும் நாள் கண்டிப்பாக வரும். கேட்கும் சக்தி போனால் திரும்பாது. நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: இதே ரைஃபிளை ஆப்பிரிக்க எருமைக்கும் கொண்டுபோகலாமா?

பதில்: கூடாது. அங்கே பல நாடுகளில் .375-தான் சட்டம் கேட்கும் குறைந்த அளவு. அப்படி ஒரு பயணம் அமைந்தால் .375 ஹெச்&ஹெச் (ஹாலண்ட் & ஹாலண்ட்) ரைஃபிளை அங்கேயே வாடகைக்கு எடுக்க முடியுமா என்று வேட்டையை நடத்துபவரிடம் கேளுங்கள். ஒரே ஒரு பயணத்துக்காக அதைச் சொந்தமாக வாங்கத் தேவையில்லை.