என் உடம்பே கருவுக்கு எதிரியா?

கேள்வி: எனக்கு வயது 34. ஐவிஎஃப் சிகிச்சையில் இரண்டு முறை கரு வைத்தும் நிற்கவில்லை. ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, "என்கே செல் அதிகமாக இருக்கிறது, உங்கள் எதிர்ப்பு சக்தியே கருவை அழித்துவிடுகிறது" என்கிறார்கள். அடுத்த முறை ஸ்டீராய்டு மாத்திரையும் இன்ட்ராலிபிட் டிரிப்ஸும் தேவையாம். என் உடம்பே என் குழந்தைக்கு எதிரியா? இதற்கெல்லாம் சம்மதிக்கலாமா?

பதில்: இல்லை, உங்கள் உடம்பு உங்கள் குழந்தைக்கு எதிரி இல்லை. மற்றதைப் பேசுவதற்கு முன் இந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

இவ்வளவு பயத்துக்கும் காரணம் ஒரு பெயர்தான். என்கே என்றால் 'நேச்சுரல் கில்லர்'. புற்றுநோய் செல்களைக் கொல்லும் ஒருவகை வெள்ளையணுக்களுக்கு 1970-களில் வைத்த பெயர் அது. கருப்பையின் உள்சவ்விலும் அதே குடும்பத்துச் செல்கள் இருப்பது தெரிந்ததும், அந்தப் பெயர் அவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் அங்கே அவை பார்க்கும் வேலை வேறு. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் கருப்பைச் சவ்விலுள்ள வெள்ளையணுக்களில் சுமார் 70 சதவீதம் இவைதான். சுருள் சுருளாக, குறுகலாக இருக்கும் ரத்தக்குழாய்கள் தளர்ந்து அகலமாவதற்கு இவை துணை நிற்கின்றன. அப்படி அகலமானால்தான் நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக ரத்தம் போகும். கருவுக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறவர்களைக் கொலைகாரர்கள் என்று கூப்பிட்டு வருகிறோம்.

கையில் எடுத்த ரத்தத்தில் இருப்பவை இவையல்ல. இரண்டுக்கும் குணமும் வேறு, வேலையும் வேறு. ரத்தத்திலுள்ள எண்ணிக்கையை வைத்துக் கருப்பைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது. அந்த எண்ணிக்கையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. மாடிப்படி வேகமாக ஏறி வந்து ரத்தம் கொடுத்தாலோ, ஊசியைப் பார்த்துப் பதறினாலோகூட ஏறிவிடும். ஒரு பெண் தன் ரிப்போர்ட்டை மடித்து மடித்து, மடிப்பில் கிழிகிற நிலையில் கொண்டுவந்தார். 18 சதவீதம் என்ற எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்கள். பல மாதங்களாக அந்த வட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். ரத்தத்தில் 5 முதல் 15 சதவீதம் வரை இருப்பது வழக்கம்தான். அதற்குச் சற்று மேலே போனால் கரு தங்காது என்பதற்கு ஆதாரம் கிடையாது.

தந்தையின் மரபணுவும் கலந்த கருவைத் தாயின் உடல் எப்படிப் பொறுத்துக்கொள்கிறது என்ற கேள்வியைப் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடவார் 1953-லேயே எழுப்பினார். நல்ல கேள்விதான். ஆனால் அதிலிருந்து "எதிர்ப்பு சக்தியை அடக்கினால் கரு தங்கும்" என்று தாவியதில்தான் பிழை. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், பலமுறை கரு தங்காத 715 பெண்களில் ஒரு பாதியினருக்கு பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டும் மறு பாதியினருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தை பிறந்த விகிதம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 38 சதவீதம். ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம் குறைப்பிரசவம் கூடுதலாக இருந்தது. ஸ்டீராய்டு சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்ட்ராலிபிட் என்பது சோயா எண்ணெயும் முட்டைக் கொழுப்பும் கலந்த, பால்போல் வெள்ளையான திரவம். வாய்வழி சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு ஊட்டத்துக்காக ஏற்றுவது. கரு தங்க அது உதவும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. முட்டை, சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்தும் உண்டு. நான் என் நோயாளிகளுக்கு இதை எழுதுவதில்லை.

அப்படியானால் எதிர்ப்பு சக்திக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. ஆன்டிபாஸ்போலிப்பிட் சின்ட்ரோம் என்று ஒரு நோய் இருக்கிறது. அதில் எதிர்ப்பு சக்தி தவறாக உருவாக்கும் ஆன்டிபாடிகள் (எதிர்ப்பொருள்கள்) ரத்தம் உறைவதைத் தூண்டி, நஞ்சுக்கொடியைப் பாதித்து, திரும்பத் திரும்பக் கருச்சிதைவை உண்டாக்கும். அதைக் கண்டுபிடிக்க லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் ஆன்டிபாடி என மூன்று ரத்தப் பரிசோதனைகள் உண்டு. ஒருமுறை பாசிட்டிவ் என்றால் போதாது, குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடியும் பாசிட்டிவ் வந்தால்தான் நோய் உறுதி. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி தொடங்கும் முன்பே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள், ஊசி போட்ட பிறகு லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட் பரிசோதனை குழப்பிவிடும். நோய் உறுதியானால், குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரினும்தான் மருந்து. உங்களுக்கு முன்பு கருச்சிதைவோ, காலில் ரத்தக்கட்டோ ஏற்பட்டிருந்தால் இதை அவசியம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டிஎஸ்எச் ஹார்மோன் அளவு சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தைராய்டுக்கு எதிரான டிபிஓ ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவ், டிஎஸ்எச் சரி என்றால் தைராய்டு மாத்திரை கூடுதல் பலன் தருவதில்லை. இதை 2019-இல் பெரிய ஆய்வொன்றில் பார்த்துவிட்டார்கள். அவ்வப்போது டிஎஸ்எச் பார்த்துக்கொண்டால் போதும். எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய் இருப்பவர்கள், அது அடங்கி ஆறு மாதமாவது ஆன பிறகு கரு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, இதுதான் பலரிடம் பேசப்படாமலே போகிறது. கரு தங்காததற்கு மிகச் சாதாரணமான காரணம் கருவின் குரோமோசோம் கணக்கு பிசகுவது. மைக்ரோஸ்கோப்பில் அழகாகத் தெரியும் கருவிலும் அது பிசகியிருக்கலாம். 34 வயதில் இரண்டு முறை தவறுவது மனதை நொறுக்கும், ஆனால் மருத்துவக் கணக்கில் அது அபூர்வம் இல்லை. அடுத்த சந்திப்பில் என்கே செல்லைப் பற்றிப் பேசுவதைவிட, வைத்த கருக்கள் எத்தனையாம் நாள் கருக்கள், என்ன தரம், கருப்பைக்குள் பாலிப் (சிறு சதை வளர்ச்சி), தழும்பு ஏதும் இருக்கிறதா, ஃபாலோப்பியன் குழாயில் (கருக்குழாயில்) நீர் கோத்திருக்கிறதா என்று கேளுங்கள். குழாயில் நீர் இருந்தால் அது கருப்பைக்குள் கசிந்து கரு தங்கும் வாய்ப்பைக் குறைத்துவிடும். அதைச் சரிசெய்தால் பலன் உண்டு என்பது நிரூபணமான விஷயம்.

ஸ்டீராய்டு மாத்திரையை ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தொடங்கியிருந்தால், இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். சில வாரங்கள் எடுத்த ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் அளவில் குறையுங்கள்.