சர்க்கரை நோயாளிகள் கூடிப் பேசுவதில் என்ன பயன்? கேள்விகளும் பதில்களும்

எனக்குச் சர்க்கரை வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஞாயிறு காலையில் கூடும் சர்க்கரை நோயாளிகள் குழுவில் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருந்தின் அளவைப் பற்றிய கேள்விகளை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். மற்றவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (பெரம்பூர்): மாதம் தவறாமல் டாக்டரைப் பார்க்கிறேன். பிறகு குழு எதற்கு?

பதில்: டாக்டர் அறையில் நமக்குக் கிடைப்பது பத்து நிமிடம். "சோற்றைக் குறையுங்கள்" என்று அவர் சொல்வது சரிதான். ஆனால் மதியம் ஒரு மணிக்கு, பசியோடு, ஆவி பறக்கும் சோற்றுக்கு முன்னால் உட்காரும்போது எப்படிக் குறைப்பது? அதைக் குறைத்துக் காட்டியவர்தான் சொல்லித்தர முடியும். எங்கள் குழுவில் ஓர் அக்கா அன்னக்கரண்டியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். பொரியலும் கூட்டும் தட்டில் பாதியை அடைத்த பிறகே சோறு. அதுவும் சாம்பார்க் கரண்டியால் இரண்டே கரண்டி. மூன்று வாரம் கஷ்டமாக இருந்ததாம், அப்புறம் பழகிவிட்டதாம். "மூன்று வாரம்" என்ற அந்தக் கணக்குதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

கேள்வி (அடையாறு): இதற்கெல்லாம் ஆய்வு ஆதாரம் உண்டா, அல்லது மனத்திருப்திதானா?

பதில்: உண்டு. ஆனால் மிகைப்படுத்த மாட்டேன். கேரளத்தில் சர்க்கரை வரும் அபாயம் உள்ள 1,007 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவரவர் ஊரிலேயே ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, அவர் தலைமையில் குழுக்கள் கூடின. 2018-ல் முடிவு வெளியானது. புதிதாகச் சர்க்கரை வந்தவர்களின் எண்ணிக்கை குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆனால் காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது, மது குறைந்தது, அன்றாட வேலைகளைச் செய்யும் உடல் திறனும் மேம்பட்டது. அதற்கு முன்பே, 2006-ல், நம் சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, உணவையும் நடையையும் மாற்றினாலே சர்க்கரை வரும் வாய்ப்பு ஏறக்குறைய 28 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. மாற்றினால் பலன் உண்டு என்பதில் சந்தேகமில்லை. மாற்றியதை விடாமல் வருடக்கணக்கில் தொடர்வதுதான் கடினம். அதற்குத்தான் துணை வேண்டும்.

கேள்வி (வண்ணாரப்பேட்டை): மகளுக்கு வரன் பார்க்கிறோம். எனக்குச் சர்க்கரை என்று நாலு பேருக்குத் தெரிந்தால் பேச்சு வராதா?

பதில்: அம்மா, இந்தப் பயம் எனக்கும் இருந்தது. கல்யாண மண்டபத்துக்குப் போனால் கழிப்பறைக்குள் நின்று அவசர அவசரமாக ஊசி போட்டுக்கொண்டு வருவேன். அவசரத்தில் தினமும் ஒரே இடத்தில் குத்திக் குத்தி வயிற்றில் கட்டி தட்டிவிட்டது. கட்டி தட்டிய இடத்தில் போட்டால் மருந்து சீராக இறங்காது என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

குழுவுக்குப் போன முதல் நாள், எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்தார். ஊசியை மாற்றினார், அளவைத் திருப்பினார், சட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டார், மனதுக்குள் பத்து வரை எண்ணி எடுத்தார். பிறகு டிபன் டப்பாவைத் திறந்து இட்லி சாப்பிட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றோடு நான் ஒளிவதை விட்டேன். இடம் மாற்றி மாற்றிப் போடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

2023-ல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது. வரப்போகும் சம்பந்தி வீட்டிலும் ஒருவருக்கு இருக்கலாம். குழுவில் பெயர் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு முறை வந்து கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி (தாம்பரம்): எனக்கு 22 வயது, டைப் 1. குழு என்று போனால் எல்லாரும் தாத்தா பாட்டிகள். எனக்கு அங்கே என்ன இருக்கிறது?

பதில்: தம்பி, உன் குறை நியாயமானது. டைப் 1-ல் உடலில் இன்சுலின் ஏறக்குறையச் சுரக்கவே சுரக்காது, எங்களுடையது வேறு வகை. உன் டாக்டரிடமே கேள், அதே மருத்துவமனைக்கு வரும் உன் வயதுக்காரர்கள் நாலு பேரையாவது அவருக்குத் தெரிந்திருக்கும். டைப் 1 உள்ள மருத்துவர் ஆர்.டி. லாரன்ஸ், இத்தாலியில் சாவை எதிர்பார்த்திருந்தவர். இன்சுலின் வந்துவிட்டதென்று கேள்விப்பட்டு 1923-ல் லண்டன் திரும்பிப் பிழைத்தார். 1934-ல் சர்க்கரை இருந்த எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸோடு சேர்ந்து நோயாளிகளுக்கென்றே சங்கம் தொடங்கினார். நோய் உள்ளவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்வது புதிதல்ல. ஒன்று மட்டும்: யார் என்ன சொன்னாலும் இன்சுலினை நிறுத்தாதே. நிறுத்தினால் இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்து.

கேள்வி (அம்பத்தூர்): குழு என்றாலே கசாயம், பொடி என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறார்களே?

பதில்: அப்படிப்பட்ட குழுவிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எங்களுக்கு ஒரே விதி: "நான் இப்படிச் செய்கிறேன்" என்று சொல்லலாம், "நீ மாத்திரையை நிறுத்து" என்று சொல்லக் கூடாது.

கேள்வி (திருவல்லிக்கேணி): ஏகாதசி விரதம் இருப்பேன். போன முறை மயக்கம் வந்துவிட்டது. குழுவில் இதைப் பேசுவீர்களா?

பதில்: அடிக்கடி பேசுவோம். சில மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு இல்லாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். எனவே விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் மீட்டரில் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம், உடனே சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். மீட்டரில் 70-க்குக் கீழே (மி.கி./டெ.லி.) இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, இன்னும் குறைவாக இருந்தால் மறுபடி குடியுங்கள். அந்த நேரத்தில் விரதம் முறிந்தால் முறியட்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

ஒருமுறை பூங்காவில் நடந்துகொண்டிருந்த நண்பர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கோபமாக இருக்கிறார் என்று வழிப்போக்கர்கள் நினைத்தார்கள். சர்க்கரை இறங்கிவிட்டது என்று குழுவினருக்கு உடனே புரிந்தது. மீட்டர் 52 காட்டியது.

கேள்வி (வியாசர்பாடி): எங்கள் தெருவில் தொடங்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: நாலு பேர், ஒரு கிழமை, ஒரு நேரம் போதும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் சொல்லுங்கள், தெருவில் வேறு யாருக்கு ஆர்வம் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர்களிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முதல் நாள் எல்லாரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைப் பாருங்கள். மரத்துப்போன காலில் முள் தைத்ததுகூடத் தெரியாமல் வருவார்கள். மீட்டரை வேண்டுமானால் பொதுவாக வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் கிருமிநாசினியால் துடைத்துவிட்டு. விரலில் குத்தும் ஊசியும் குத்தும் பேனாவும் அவரவருக்குத் தனித்தனியாகவே இருக்க வேண்டும்.